ரயிலடியும் மாலும்

சிங்கப்பெருமாள் கோயிலில் மால் இல்லை. ஆனால் மால் கட்ட இடம் தேடுபவர்கள் கணக்குப் போடும் அத்தனையும் இங்கே இருக்கின்றன. சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் நிற்கிறது. ஜி.எஸ்.டி. சாலை ஊர் வழியாகப் போகிறது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. வடக்கே மறைமலை நகர்த் தொழிற்பேட்டை. தெற்கே அடுத்த நிலையமான பரனூரை ஒட்டி, மகிந்திரா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 2002இல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி. ஒரகடத்தில் ரெனோ, டைம்லர் ஆலைகள். பல்லவர் காலக் குடைவரையில் இருக்கும் பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருபவர்களும், பௌர்ணமியன்று அந்தச் சிறு குன்றைக் கிரிவலம் வருபவர்களும் தனிக் கூட்டம்.

இங்குள்ள கடைத்தெருவை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. டீக்கடை, பரோட்டாக் கடை, செல்போன் கடை, பழ வண்டி, பூக்கூடை என்று கூட்டம் நின்ற இடத்தில் கடை சேர்ந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரத்தில், காய்கறி வாங்குபவரும் ஷேர் ஆட்டோவும் சரக்கு லாரியும் ஒரே சாலையோரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரகடம் சாலை ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் மேம்பால வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த நெரிசலுக்கு நடுவிலும் வியாபாரம் நின்றதில்லை.

இந்த ஊருக்கும் ஒரு நாள் மால் வரும். எங்கே வரும், யாருடைய நிலத்தில் வரும், ரயிலிலிருந்து இறங்குபவர் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் வருமா, இன்று கூடை வைத்து விற்பவருக்கு அதில் இடம் இருக்குமா என்பவற்றை இப்போதே கேட்டாக வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, இவற்றில் முதல் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை கண்டுவைத்த நகரம் ஒன்று உண்டு. அது சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம்.

ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நகரெல்லைக்கு அப்பால் இருந்த பண்ணை நிலங்களை வாங்கிச் சேர்த்துவந்தது. வாங்கியபோது அந்த நிலங்களுக்கு உடனடித் தேவை எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் தலைதூக்கியபோது நிலம் கையில் தயாராக இருந்தது. நகரின் திட்டத் தலைவராக இருந்த ஸ்வென் மார்கேலியுஸ் காலத்தில், சுரங்க ரயில் பாதையை நீட்டி, நிலையங்களைச் சுற்றிப் புறநகர்களை எழுப்புவது என்று முடிவாயிற்று. அப்படி உருவானதுதான் வேலிங்பி. ரயில் 1952இல் வந்துவிட்டது. வணிக மையம் 1954 நவம்பர் 14 அன்று திறந்தது. ரயில் பாதைக்கு மேலேயே தளம் போட்டு, வாகனம் நுழையாத சதுக்கம் அமைத்து, அதைச் சுற்றிக் கடைகள் வைத்தார்கள். திரையரங்கு, நூலகம், தேவாலயம் எல்லாம் அதே மையத்தில் சேர்ந்தன. கட்டி வாடகைக்கு விட்டது மாநகராட்சிக்குச் சொந்தமான வீட்டு வசதி நிறுவனம். வேலை, வீடு, கடைவீதி மூன்றும் ஒரே புறநகரில் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். வேலை என்ற பகுதி எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு ரயிலேறி நகருக்குத்தான் போனார்கள். ஆனால் மாலையில் ரயிலிலிருந்து இறங்கும் இடத்திலேயே ரொட்டியும் பாலும் கிடைத்தன.

அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1956இல், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகருக்கு வெளியே சவுத்டேல் என்ற மூடிய, குளிரூட்டிய பேரங்காடி திறந்தது. வியன்னாவிலிருந்து குடியேறிய விக்டர் குரூயன் வடிவமைத்தது. வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், ஏரி என்று ஒரு முழு ஊரின் நடுவில் கடைவீதி இருக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. கட்டியவர்கள் கடைவீதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்துமிடம் வந்தது. தன் பெயரால் உலகெங்கும் பெருகிய மால்களைப் பிற்காலத்தில் குரூயன் பகிரங்கமாகவே உதறித் தள்ளினார். இன்று நாம் மால் என்று சொல்லும் கட்டடம் சவுத்டேல் வழி வந்தது. வேலிங்பி வழி வந்தவை நம் பக்கம் அரிது.

ஸ்டாக்ஹோமும் பிறகு தடம் புரண்டதுண்டு. 1965இல் நகரின் தெற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஐக்கியா தன் பிரம்மாண்டக் கடையைத் திறந்தது. 1968இல் பக்கத்திலேயே ஷேர்ஹோல்மன் மையம், ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம் விட்டுத் திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே அதை இடித்துவிட வேண்டும் என்று முன்னணி நாளிதழ் ஒன்றில் கட்டுரை வந்து பெரிய வாதம் கிளம்பியது. 2015இல் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் திறந்த மால் ஆஃப் ஸ்காண்டிநேவியா ஒரு லட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 11 லட்சம் சதுர அடி. கட்டியது பன்னாட்டுத் தனியார் நிறுவனம். மாநகராட்சி நிறுவனம் கட்டி வாடகைக்கு விட்ட காலம் போய்விட்டது. ஆனாலும் சோல்னா புறநகர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே அங்கே போய்விடலாம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2019இல் திறந்த டிரிப்லா, பாசிலா ரயில் நிலையத்தோடு ஒரே கட்டடத் தொகுதியாக எழுந்தது. நார்வே அரசு 1999இல், நகர மையங்களுக்கு வெளியே 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வணிக வளாகங்களுக்கு ஐந்தாண்டு வரையிலான தற்காலிகத் தடையே போட்டது. நிலையத்தருகே கட்டு, நகர மையத்தில் கட்டு என்று அரசு சொல்ல முடிகிறது. கட்டுபவரும் கேட்கிறார்.

சென்னையின் கதை வேறு. இங்கே மால் எங்கே வந்தது என்று பார்த்தால், பெரிய நிலம் ஒரே கையில் இருந்த இடங்களில் வந்திருக்கிறது. அண்ணா சாலை ஸ்பென்சர் 19ஆம் நூற்றாண்டு வணிக நிறுவனம். அதன் பழைய செந்நிறக் கட்டடம் 1980களின் தொடக்கத்தில் தீக்கிரையாகி, அங்கே ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010இல், இந்தியன் எக்ஸ்பிரஸ் வளாகம் இருந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் வந்தது. அதற்கும் முன்னால் அது மெட்ராஸ் கிளப்பின் இடம். வடபழனியில் 2013இல் வந்த ஃபோரம் விஜயா மாலின் நிலம் விஜயா–வாகினி ஸ்டுடியோவினுடையது. அச்சகமும் ஸ்டுடியோவும் ஓய்ந்த இடத்தில் மால் முளைத்தது. அந்த நிலம் ரயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இல்லை.

வேளச்சேரியைப் பாருங்கள். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரி வரை வந்தது. 2013இல் ஏறத்தாழ 10 லட்சம் சதுர அடியில் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி திறந்தது. இரண்டின் முகவரியிலும் வேளச்சேரி உண்டு. ஆனால் நிலையத்திலிருந்து மாலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் ஏகாட்டூரில் இருக்கும் மெரினா மால் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே வருகிறது. அந்தப் பகுதிக்குப் புறநகர் ரயிலே கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ இப்போதுதான் கட்டப்படுகிறது. மால் முதலில் வந்து ரயில் பின்னால் வருகிறது. திருமங்கலம் மெட்ரோ நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் 2018இல் திறந்த வி.ஆர். மால், ரயில் முன்னால் வந்துவிட்ட அபூர்வங்களில் ஒன்று.

சென்னையில் ரயிலடியிலேயே கடை வைக்க யாரும் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேப்பாக்கம், திருமயிலை, மந்தைவெளி என்று ஒவ்வொன்றும் கோட்டை மாதிரி நிற்கிறது. பல மாடி, பரந்த தளங்கள். கடைகளும் அலுவலகங்களும் வந்து வாடகையில் பாதை பிழைக்கும் என்று எண்ணிக் கட்டியவை. பெரும்பகுதி பல்லாண்டு காலம் வெறுமையாகக் கிடந்தது. இருட்டும் தூசியும் பார்த்து, பெண்கள் அந்தப் படிகளில் தனியாக ஏறத் தயங்கிய காலம் உண்டு. என் பார்வையில், சென்னையின் வணிகக் கட்டட வரலாற்றில் மிகப் பெரிய பாடம் இதுதான். நிலையத்தின் மேல் தளம் போட்டுவிட்டால் மட்டும் கடைவீதி வந்துவிடாது. தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைய வழி வேண்டும். பஸ் நிறுத்தம் ஒட்டி இருக்க வேண்டும். கடைக்காரர்களைத் தேடிப் பிடித்து, எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று பார்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும். ரயில்வேயின் வேலை ரயில் ஓட்டுவது. கடைவீதியை நடத்துவது வேறு தொழில்.

அந்தத் தொழிலின் உள்விவரம் தெரியாமல் மாலைப் பற்றிப் பேசக் கூடாது. மாலுக்குள் எல்லோரும் ஒரே வாடகை கொடுப்பதில்லை. கூட்டத்தை இழுத்துவரும் பெரிய கடைக்கும் மல்டிபிளெக்ஸ் தியேட்டருக்கும் சதுர அடி வாடகை குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி நடுவில் கடை போடும் சிறியவருக்கு அதிகம். பராமரிப்புக் கட்டணம் தனி. பல இடங்களில் விற்பனையில் ஒரு பங்கும் உரிமையாளருக்குப் போகும். சிறியவர் தலையில் சுமை ஏற்றும் ஏற்பாடு என்றாலும், கட்டடம் முழுவதும் ஒரே கையில் இருப்பதால் தரை பளபளக்கிறது, எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஸ்பென்சர் பிளாசாவில் கடைகளைத் தனித்தனியாக விற்றார்கள். ஆளுக்கொரு கடையின் சொந்தக்காரர் ஆனபோது, பொது இடம் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் தென்னிந்தியாவே வேடிக்கை பார்க்க வந்த கட்டடம், போட்டிக்குப் புதியவை வந்ததும் மங்கியதற்கு இதுவும் முக்கியக் காரணம். ஒரே உரிமையாளர் தேவை என்பது உண்மைதான். அந்த ஒருவர் தனியாராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலிங்பியில் அவர் மாநகராட்சி.

இன்னொரு பக்கம் ரங்கநாதன் தெரு. மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசலில் தொடங்கும் அந்தச் சந்து, நானறிந்தவரை தமிழ்நாட்டின் மிக வெற்றிகரமான ரயிலடிக் கடைத்தெரு. செங்கல்பட்டிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் தீபாவளிக்குத் துணியெடுக்க ரயிலேறும் குடும்பங்கள் இறங்கும் இடம் அது. தியாகராய நகரை 1920களில் மனையிட்டவர்கள் இந்தக் கூட்டத்தை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. ரயில் கொண்டுவந்து கொட்டியது, கடைகள் பிடித்துக்கொண்டன. அரசு வந்து சேர்ந்தது மிகத் தாமதமாக. மாம்பலம் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம்தான் திறந்தது.

அந்தத் தெருவின் வெற்றிக்கு விலை கொடுத்தவர்களை மறக்க முடியாது. வசந்தபாலனின் அங்காடித் தெரு படம் 2010இல் வந்தபோதுதான், துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பலர் ஏறிட்டுப் பார்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வர 2021 செப்டம்பர் ஆயிற்று. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற ஆணை அதற்கு முன்பே, 2019இலேயே, வந்துவிட்டது. கடை திறந்திருக்கும் உரிமை முந்திக்கொண்டது. ஊழியர் உட்காரும் உரிமை பிந்தி வந்தது. மாலாக இருந்தாலும் கடைத்தெருவாக இருந்தாலும் இதையும் கேட்டுத்தான் அளக்க வேண்டும்.

மாலின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் மனதாரச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வெளியே போக, யாரும் விரட்டாமல் உட்கார, சுத்தமான கழிப்பறைக்குப் போக அவர்களுக்கு எங்கே இடம்? சித்திரை வெயிலில் காசு செலவழிக்காமல் இரண்டு மணி நேரம் குளிரில் நடமாட, இளைஞர்களுக்கு மால்தான் இருக்கிறது. நம் கடைத்தெருக்கள் பெண்களுக்குக் கழிப்பறை வைத்ததில்லை. இது சின்ன விஷயமே இல்லை. கடைத்தெருவின் பெருமை பேசும் என்னைப் போன்றவர்கள் இந்தக் குறையை ஒதுக்கிவிட்டுப் பேசினால், அந்தப் பெண்கள் மாலுக்கே போவார்கள். போவது சரிதான்.

இனி சட்டத்தில் இருக்கும் ஓர் ஓட்டையைச் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ஊர்களை அது நேராகத் தாக்குகிறது. சாலையோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கணக்கெடுப்பு, அடையாள அட்டை, விற்பனைக் குழு, கணக்கெடுப்பு முடியும் வரை அப்புறப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது நகர்ப்புற வியாபாரிகளுக்கான சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்புகள் இருக்கும் இடத்தில் நடைமுறைக்கு வருவது. சிங்கப்பெருமாள் கோயில் ஊராட்சியாக நிர்வகிக்கப்பட்டு வந்த ஊர். அதோடு, ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் வளாகத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. ஊராட்சிச் சாலையில் வண்டி நிறுத்துபவர் ஒரு காரணத்தால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ரயில்வே எல்லைக்குள் கூடை வைப்பவர் இன்னொரு காரணத்தால் வெளியே நிற்கிறார். ரயிலடிக் கடைத்தெருவின் உயிரே இவர்கள்தான். நாளைக்கு நிலையத்தைச் சீரமைக்க வந்தாலும், சாலையை அகலமாக்க வந்தாலும், மால் கட்ட வந்தாலும், முதலில் எழுந்து போகச் சொல்லப்படுபவர்களும் இவர்கள்தான். கையில் காட்ட ஓர் அட்டை கூட இருக்காது.

எங்கே சந்தை அமைய வேண்டும் என்று நகரம் முடிவு செய்வது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலோர மருவூர்ப்பாக்கத்துக்கும் உள்நகரான பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த பொது வெளியில் நாளங்காடி இருந்தது. இரு பக்கத்து மக்களும் வந்து சேரக்கூடிய இடம். நம் காலத்திலும் உதாரணங்கள் உண்டு. கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரத்தை 1996இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டுக்கு மாற்றியது. 295 ஏக்கரில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். அப்போது அது நகரின் விளிம்பு. இன்று பக்கத்திலேயே மெட்ரோ. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகளில் விவசாயியிடம் வாடகை வாங்குவதில்லை, தராசும் சந்தையே தருகிறது. பொதுச் சொத்தாகச் சந்தையை நடத்த நமக்குத் தெரியும் என்பதற்கு இவை சான்று.

தவறவிட்டதற்கும் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. அதே குழுமம் கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கட்டிய கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. மின்சார ரயில் பாதை கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. திறந்தபோது அங்கே நிற்க ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பிடித்தார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ இன்னும் திட்ட நிலையில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 1952இல் ரயில், 1954இல் கடைவீதி என்று போன வரிசையை இதோடு வைத்துப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பணப் பற்றாக்குறையால் நேர்ந்த குறை இது இல்லை. இரண்டு துறைகள் ஒரே மேசையில் உட்காராததால் நேர்ந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது ரயில் பாதை 2022 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலையைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கையில் எடுத்திருக்கிறது. மூன்றாவது பெருந்திட்டமும் தயாராகிறது. வரைபடத்தில் இன்னும் மை காயாத நேரம் இது.

புதுநகர் என்றால் இந்த வட்டாரத்துக்கு மறைமலை நகர் நினைவுக்கு வரும். 1980 வாக்கில் இதே குழுமம் துணை நகரமாகத் திட்டமிட்ட ஊர் அது. மனைகள் போட்டார்கள், தொழிற்பேட்டை போட்டார்கள். வீடுகள் நிறையப் பல பத்தாண்டுகள் பிடித்தது. ஃபோர்டு வந்தது, 2021இல் போவதாக அறிவித்தது. ஒரு பெரிய ஆலையை நம்பி நிற்கும் கடைகள் அந்த ஆலை மூடும்போது என்ன ஆகும் என்பதை அந்த ஊரின் மெஸ்களும் மளிகைக் கடைகளும் அறிந்திருக்கின்றன. ரயிலடிக் கடைவீதிக்கு அந்த ஆபத்து குறைவு. ஆலை மாறலாம், ஆட்கள் மாறலாம். ரயில் வந்து நிற்கும் இடம் மாறாது.

ஆகவே திட்டம் தீட்டுபவர்களிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை சில. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் ரயில்வே நிலம், அரசுப் புறம்போக்கு, தனியார் நிலம் எது எவ்வளவு என்று சர்வே எண்ணோடு கணக்கெடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை வணிக மையத்துக்கென்று இப்போதே ஒதுக்க வேண்டும். கட்டடம் பொதுச் சொத்தாக இருக்கட்டும். நடத்தும் பொறுப்பு ஒரே அமைப்பிடம் இருக்கட்டும். பெரிய கடைகளிடம் முழு வாடகை வாங்கி, தரைத் தளத்தில் ஒரு பங்கை இன்று சாலையோரம் நிற்பவர்களுக்கு உழவர் சந்தை முறையில் விட வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நிற்க இடம், கிரிவல நாளில் கூட்டம் நடக்க வழி, இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு விளக்கும் கழிப்பறையும் வேண்டும். ஊர் ஊராட்சியாகவே இருக்கும் வரை சாலையோர வியாபாரிகள் சட்டம் வந்து சேராது என்பதால், மாவட்ட நிர்வாகம் அவர்களைத் தனியாகக் கணக்கெடுத்து அட்டை தர வேண்டும்.

இவற்றில் வியாபாரிகள் கணக்கெடுப்புக்குப் பெரிய நிதி தேவையில்லை. நில ஒதுக்கீட்டுக்கும் எந்தக் கட்டுமான நிறுவனத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் அடுத்த பெரிய மனை கைமாறுவதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். நடந்துவிட்டால், பின்னால் வருகிற மால் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், நிலையத்தை ஒட்டிக் கட்டச் சொல்லக் கையில் ஒரு வரைபடம் இருக்கும். பூக்கூடைக்காரருக்கும் காட்ட ஓர் அட்டை இருக்கும்.